கேரட் பாத்தியில் ஊதாப் பூ புளியாரை: குமிழ்வரை சென்று களையெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கிலோ நஞ்சநாட்டுப் பக்கத்திலோ கேரட் பாத்தியில் ஆள் வைத்துக் களையெடுத்து, மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், களையே எடுக்காதது போல மூன்று மூன்று இலைகளாக ஒரு செடி மீண்டும் பாத்தியை மூடியிருக்கும். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்களோடு பார்க்க அழகாகவே இருக்கும் அந்தச் செடியைப் பெரும்பாலோர் புளியாரை என்றே அழைக்கிறார்கள். தாவரவியலில் அதன் பெயர் ஆக்ஸாலிஸ் லாட்டிஃபோலியா. மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரையிலான வெப்பமண்டல நாடுகளுக்கு உரிய இச்செடி, அழகுச் செடியாகப் பல நாடுகளுக்கும் கொண்டு செல்லப்பட்டுத் தோட்டத்து வேலியைத் தாண்டி வயலுக்குள் இறங்கிவிட்டது. நீலகிரியிலும், கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் போன்ற காய்கறி ஊர்களிலும் இதனோடு மல்லுக்கட்டும் விவசாயிக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இச்செடியின் இலையோடு நாம் எவ்வளவு போராடினாலும் பயனில்லை. போராட்டம் மண்ணுக்குள் இருக்கும் குமிழோடுதான். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாத்தியில் களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "அண்ணா, நாம எலையத்தானே கிள்ளுறோம், கொட்ட உள்ளயே கெடக்குதே" என்று சொன்னதை அப்போது நான் காதில் வாங்கவில்லை. அடுத்த இரண்டு போகங்களின் களைக்கூலி அதைப் புரியவைத்தது.

முதற்படி: செடியைச் சரியாக அடையாளம் காணுதல்

மூவிலைச் செடி எல்லாம் ஒன்றல்ல. தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கும் சிறிய புளியாரை, நாம் துவையல் அரைக்கும் பழைய புளியாரை; அது விதையாலும் கணுக்களில் வேர்விடும் தண்டாலும் பரவும், அதற்கு மண்ணுக்குள் குமிழ் இல்லை. புல்வெளிகளில் வெள்ளைப் பூப்பந்தோடு வளரும் குளோவர் பயறு வகையைச் சேர்ந்தது. அதன் இலையில் வெளிறிய பிறை போன்ற குறி பெரும்பாலும் இருக்கும், மென்றால் புளிக்காது. இவ்விரண்டையும் பகையாக நினைத்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

நம் களையின் சிற்றிலைகள் மூன்றும் ஏறத்தாழ முக்கோண வடிவில், நுனி அகன்று, நடுவில் மீன்வால் போலப் பிளந்திருக்கும். தண்டு என்று தரைக்கு மேல் ஒன்றும் இருக்காது; இலைக்காம்புகளும் பூக்காம்பும் மண்ணிலிருந்து நேராக எழும். இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு ஊதாப் பூ புளியாரையும் உண்டு. அதன் சிற்றிலைகள் வட்டமான இதய வடிவில், அடிப்புறத்தின் ஓரங்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளோடு இருக்கும். அதுவும் குமிழால் பரவுவதுதான். கீழே சொல்லும் முறைகள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

ஐயம் இருந்தால் தோண்டிப் பார்ப்பதே உறுதியான வழி. ஈரமான மண்ணில், செடிக்கு ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலச வேண்டும். மண் கரைந்தபின் கையில் நிற்பது இதுதான்: பழுப்புச் செதில் போர்த்திய ஒரு தாய்க் குமிழ், அதன் அடியில் குட்டி முள்ளங்கி போல நீர்கோத்த, கண்ணாடி போன்ற வெண்மையான சதைவேர், குமிழைச் சுற்றிலும் தையல் நூல் அளவே தடித்த வெள்ளை ஓடுதண்டுகள், ஒவ்வொரு ஓடுதண்டின் நுனியிலும் மிளகு முதல் கொண்டைக்கடலை வரையிலான அளவுகளில் குட்டிக் குமிழ்கள். நான் அலசிப் பார்த்த ஒரு செடியில் 23 குட்டிகள் இருந்தன. அந்த நூல் எவ்வளவு மெல்லியது என்றால், செடியை இலையைப் பிடித்து இழுத்தால் ஒரு குட்டிகூட உடன் வருவதில்லை. எல்லாம் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். களையெடுப்பதாக நினைத்துக்கொண்டு நாம் இதுவரை குமிழை நட்டுக்கொண்டிருந்தோம் என்பது அந்த வாளியைப் பார்த்தால் தெரியும்.

இரண்டாம் படி: அதன் ஆண்டுக் கணக்கை நம் போகக் கணக்கோடு பொருத்திப் பார்த்தல்

இவ்வளவு பூத்தும் இது நம் நிலங்களில் விதையால் பரவுவதில்லை. இதன் இனத்தில் சூல்தண்டின் நீளம் வேறுபடும் பூ வகைகள் உண்டு. ஒரு வகைப் பூவுக்கு வேறொரு வகையின் மகரந்தம் கிடைத்தால்தான் விதை பிடிக்கும். தாய்நாட்டை விட்டு வெளியே போன இடங்களில் பெரும்பாலும் ஒரே வகை மட்டுமே குமிழ்வழியாகப் பெருகியிருப்பதால் விதை அரிது. இது நமக்கு ஒரு பெரிய வாய்ப்பு: காற்றோ பறவையோ இதைக் கொண்டுவந்து போடாது. வயலில் புதிதாக வந்திருந்தால் அது மண்ணோடும் மண் ஒட்டிய பொருளோடும்தான் வந்திருக்கும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உறைபனியில் இலை கருகி விழும். குமிழ் மண்ணுக்குள் உறங்கும். பனி விலகி, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ கோடை மழை இரண்டு விழுந்தவுடன் முளைக்கும். முளைக்கும் செடி முதலில் தாய்க் குமிழில் சேர்த்துவைத்த உணவைச் செலவழித்தே இலை விடுகிறது. அதனால் மூன்று நான்கு இலை விரியும் பருவத்தில் தாய்க் குமிழ் வற்றிச் சுருங்கியிருக்கும், புதிய குட்டிகளோ இன்னும் உருவாகியிருக்காது. இதன் வாழ்நாளிலேயே இது மிகவும் பலவீனமாக இருக்கும் நாட்கள் அவைதாம். அதைத் தவறவிட்டால் ஓடுதண்டு கிளம்பிக் குட்டிகள் திரளத் தொடங்கும். அதன்பிறகு கொத்துவது குட்டிகளைப் பாத்தி முழுவதும் இறைப்பதற்குச் சமம்.

எத்தனையாம் நாளில் கொத்த வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நாளைச் சொல்வது சரியாக வராது. குன்னூர்ச் சரிவில் இருக்கும் சூடும், 2,200 மீட்டருக்கு மேல் உதகையை ஒட்டிய நிலத்தின் குளிரும் ஒன்றல்ல. ஆகவே பத்துச் செடிச் சோதனையைச் செய்யுங்கள். முளைப்பு தெரிந்த நாளிலிருந்து வாரத்துக்கு இருமுறை, நிலத்தின் வெவ்வேறு மூலைகளில் பத்துச் செடிகளை மண்ணோடு தோண்டி அலசிப் பாருங்கள். தாய்க் குமிழை இரு விரலுக்கிடையில் அழுத்தினால் மெத்தென்று இருந்து, வெள்ளை நூல் எதுவும் கிளம்பாமல் இருந்தால் கொத்தும் நேரம் வந்துவிட்டது. பத்தில் இரண்டு செடியில் நூல் தெரிந்தாலும் இனிக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாம் படி: நிலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வைத்தல்

இதற்கு அரை நாள் போதும். சரிவில் படிபோல வெட்டிய ஒவ்வொரு படிமட்டத்திலும் மூன்று இடங்களில், ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், மண்வெட்டி முழுதாக இறங்கும் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணைச் சிறுகண் சல்லடையில் சலித்துக் குமிழ்களை எண்ணி, நோட்டில் படிமட்டம் வாரியாகக் குறித்துவைக்க வேண்டும். இந்த எண்ணிக்கை இல்லாமல் வேலை தொடங்கினால், ஓர் ஆண்டு கழித்துக் குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று இலையைப் பார்த்துத்தான் ஊகிக்க நேரும். இலை எப்போதும் ஏமாற்றும். எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள படிமட்டத்தில் முதலில் வேலையைத் தொடங்குங்கள். மோசமான இடத்தில்தான் முதலில் கை வைக்கத் தோன்றும் என்றாலும், சுத்தமாகக்கூடிய இடத்தைச் சுத்தமாக்கிக் காப்பதே கூலிக்குக் கட்டுப்படியாகும்.

நான்காம் படி: நுழையும் வழிகளை அடைத்தல்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் அப்படியே தாண்டினேன். இரண்டு ஆண்டு உழைத்துச் சுத்தம் செய்த எங்கள் மேல்படிமட்டத்தை உழ வாடகைக்கு ஒரு சிறு பவர் டில்லர் வந்தது. அதன் கத்திகளில் காய்ந்து ஒட்டியிருந்த மண்ணை யாரும் தட்டவில்லை. அந்த ஆண்டு ஜூனில், டில்லர் முதலில் இறங்கித் திரும்பிய மூலையிலிருந்து ஒரு கோடு பிடித்தாற்போல ஊதாப் பூ வரிசையாக நின்றது. குற்றம் டில்லர் ஓட்டியவருடையது அல்ல; ஒரு குடம் தண்ணீரும் ஒரு குச்சியும் எடுத்துக்கொண்டு நிலத்தின் தலைமாட்டிலேயே கத்திகளைக் கழுவச் சொல்லாத என்னுடையது.

டில்லர், மம்மட்டி, கொத்து, பூட்ஸ், கூடை, சாக்கு ஆகிய அனைத்தும் களையுள்ள நிலத்திலிருந்து வரும்போது கழுவப்பட வேண்டும். ஒரே நாளில் பல படிமட்டங்களில் வேலை என்றால் சுத்தமான இடத்தில் தொடங்கிக் களை மிகுந்த இடத்தில் முடிக்க வேண்டும். விதைப்பூண்டு வாங்கும்போது தனிக்கவனம் தேவை: மலைப்பூண்டின் வேர்க்கொத்துக்குள் மண்ணோடு மண்ணாகக் குட்டிக் குமிழ்கள் ஒளிந்திருக்கும்; வேரைக் கத்தரித்து, பற்களைப் பிரித்து, பெரிய தட்டில் பரப்பிக் கையால் பொறுக்கியபின்பே நட வேண்டும். விதை உருளைக்கிழங்கும் மண் நீக்கி வர வேண்டும். கிழங்கில் ஒட்டிய மண் எவ்வளவு பெரிய தொல்லையைச் சுமந்துவரும் என்பதை நீலகிரிக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1961இல் இங்கே கண்டறியப்பட்ட, உருளைக்கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழுவால்தான் நம் விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகத் தடை வந்தது.

கேரட் கழுவும் இயந்திரங்களின் அடியில் தேங்கும் வண்டல் இன்னொரு வழி. பல நிலங்களின் மண் அங்கே ஒன்றாகச் சேர்கிறது. வளமாக இருக்கிறதே என்று அதை அள்ளிவந்து பாத்தியில் போடுவது, ஊரார் களையை எல்லாம் கூலி கொடுத்து நம் வீட்டுக்கு அழைப்பதாகும். தொழுவுரத்தையும், நாற்றுப் பையில் வரும் மண்ணையும் இதே கண்ணோடு பாருங்கள். மேல்நிலத்திலிருந்து மழைநீர் வழியும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் வெட்டி வண்டலைத் தேக்கி, முளைப்பதை அங்கேயே அகற்றலாம்.

ஐந்தாம் படி: நடவுக்கு முன் முளைக்கவைத்து அழித்தல்

கார்போகத்துக்கு நிலம் தயாராகும் மார்ச், ஏப்ரல் மாதங்களே இதற்கு ஏற்றவை. நிலத்தை மேலாகக் கொத்திப் பாத்தியை முடித்துவிட்டு, நடாமல் விட வேண்டும். மழை பிந்தினால் தெளிப்பு நீர் கொடுத்து முளைக்கவைக்கலாம். முளைத்த செடிகள் பத்துச் செடிச் சோதனையில் தேறும் நாளில், வெயில் காயும் காலையில், இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குக் களைக்கொத்தால் கொத்திச் செடியின் கழுத்தை அறுக்க வேண்டும். தாய்க் குமிழ் முழுதும் செத்துவிடாது; மீதமிருக்கும் சேமிப்பில் மறுபடி இலை விடும். அந்த இலையையும் அதே பருவத்தில் அறுக்க வேண்டும். இப்படி இரண்டு சுற்று முடித்து நட்டால், பயிரோடு முளைப்பது கண்ணுக்குத் தெரியும் அளவில் குறையும். நடவு ஒரு மாதம் பிந்துமே என்ற கவலை நியாயமானதே. அதனால்தான் எல்லா நிலத்திலும் ஒரே ஆண்டில் செய்யாமல், ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் செய்யச் சொல்கிறேன்.

ஆழமாக உழுது குமிழைப் புதைத்துவிடலாம் என்ற யோசனை இதனிடம் எடுபடாது. ஒரு சாண் ஆழத்திலிருந்தும் இது முளைத்து மேலே வரும். அதன் சதைவேர் சுருங்கும்போது குமிழைத் தானாகவே கீழே இழுத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. சுழல் கலப்பையோ குட்டிக் குமிழ் திரண்ட பருவத்தில் ஓட்டினால் விதைக்கும் இயந்திரம்தான்.

மலைச்சரிவில் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஜூன் கடைசியில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும் வேளையில் வெறும் மண்ணைக் கொத்திப் போட்டால், களை போவதற்கு முன் மேல்மண் போய்விடும். மழை இறங்குவதற்குள் பயிர் நிலத்தை மூடியிருக்கும்படி சுற்றுகளைத் திட்டமிடுங்கள். மழை முந்திவிட்டால் இரண்டாம் சுற்றைக் கைவிட்டு நடுவதே அறிவு.

ஆறாம் படி: பயிருக்குள் களையெடுத்தல்

உருளைக்கிழங்கில் வேலை எளிது. எப்படியும் களைகொத்தும் மண் அணைப்பும் உண்டு. கொடி மூடியபின் நிழலும் கிடைக்கும். மண் அணைப்பைச் சோதனையில் தேறும் நாளுக்குச் சற்று முன்பின்னாக நகர்த்திக்கொண்டால் போதும். முட்டைக்கோசும் விரைவில் மூடிவிடும்.

கேரட்டும் பூண்டும்தான் சோதனை. கேரட் முளைக்கவே பத்துப் பதினைந்து நாளாகும். அதற்குள் புளியாரை குடை விரித்துவிடும். பூண்டின் நிமிர்ந்த இலை எந்தக் களைக்கும் நிழல் தருவதில்லை. ஆகவே எண்ணிக்கை மிகுந்த படிமட்டத்தில் இவ்விரண்டையும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. வைத்தே ஆக வேண்டும் என்றால், கேரட் முளைப்பதற்கு ஓரிரு நாள் முன்பு மேல்மண்ணை மெல்லக் கீறிவிட்டு, நெருக்கமாக முளைத்த பயிரைக் கலைத்துவிடும்போது மூன்று பல் கொண்ட கைக்கொத்தால் களையைக் குமிழோடு நெம்பி எடுத்து வாளியில் போட வேண்டும். இலையைக் கிள்ளிப் பாத்தி ஓரத்தில் போடும் பழக்கத்தை இந்த ஒரு களைக்காவது நிறுத்தச் சொல்லுங்கள். நாள்கூலிக்கு வேலை செய்பவர்கள் வேகத்தால் மதிப்பிடப்படும் வரை குமிழை யாரும் தோண்டமாட்டார்கள். வாளியில் சேர்ந்த குமிழைப் பார்த்து வேலையை மதிப்பிட்டால் தோண்டுவார்கள்.

ஏழாம் படி: நிழலும் மூடாக்கும்

நிழலில் இது சாவதில்லை. ஆனால் நிழலில் வளரும் செடி இடும் குட்டிகள் குறைவு. பயிரில்லாத இடைவெளியில் ஓட்ஸ் தீவனத்தையோ, பசுந்தாள் உரத்துக்காக லூபினையோ நெருக்கி விதைப்பது நிலத்தைக் காக்கும், களையையும் ஒடுக்கும். சிறிய இடங்களில் ஒளி புகாத கறுப்பு பாலித்தீன் விரிப்பை ஒரு முழுப் பருவத்துக்கு விரித்துவைக்கலாம். அடியில் வெளிறிய தளிர்கள் கிளம்பிக் கிளம்பி, குமிழின் சேமிப்பைத் தின்று தீர்க்கும். விரிப்பின் ஓரங்களில் ஒளி தேடி வெளிவருவதை வாரம் ஒருமுறை நெம்பி எடுக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை விரித்து வெயிலால் மண்ணைச் சூடேற்றும் முறை சமவெளிக்கு ஏற்றது. மூடுபனியும் குளிரும் உள்ள நம் மேட்டு நிலத்தில் மண் அவ்வளவு சூடேறாது.

எட்டாம் படி: மருந்து குறித்து

இலையைக் கருக்கும் மருந்துகளை அடித்தால் மறுநாள் மனம் குளிரும், மூன்றாம் வாரம் பழைய கதைதான். அரிவாளால் இலையை அறுத்ததற்கும் அதற்கும் வேறுபாடில்லை. பாராகுவாட் அவ்வகைதான். தவறி உடலுக்குள் போனால் மாற்று மருந்தே இல்லாத அதை வீட்டில் வைத்திருப்பதையே நான் ஏற்பதில்லை. கிளைஃபோசேட் உள்ளே ஊடுருவும் மருந்து என்றாலும், குமிழ்களை ஒரே தெளிப்பில் அழித்துவிடுவதில்லை. இந்தியாவில் அது தேயிலைக்கும் பயிரில்லாத இடத்துக்குமே பதிவு பெற்றது. காய்கறிப் பாத்திக்கு உரியதல்ல. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கையும் வெளியிட்டது. மருந்துக் கடையில் சொல்லும் அளவை நம்பாமல், உதகையிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்பதாம் படி: எடுத்த குமிழை என்ன செய்வது

எருக்குழியில் போடக் கூடாது. மலைக்குளிரில் நம் எருக்குழி குமிழைக் கொல்லும் அளவுக்குச் சூடேறுவதில்லை. அடுத்த போகத்தில் எருவோடு அதை நாமே தூவுவோம். வரப்பு மேல் எறிவதும், ஓடையில் கொட்டுவதும் கீழ்நிலத்துக்காரருக்குச் செய்யும் கேடு. வீட்டில் வெந்நீர் காய்ச்சும் அடுப்பு இருந்தால், வாளியில் சேர்ந்ததைச் சாக்கில் கட்டி ஓரமாக உலர்த்தி, விறகோடு விறகாக எரித்துவிடலாம். இல்லையெனில் பழைய தகர டின்னில் தண்ணீரோடு கொதிக்கவைக்கலாம். காய்ந்து சுருங்கிய குமிழைச் செத்தது என்று நம்பி மண்ணில் போடாதீர்கள்.

மாட்டுக்குப் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். இலையின் புளிப்புக்குக் காரணம் ஆக்ஸாலிக் அமிலமும் அதன் உப்புகளும். மேய்ச்சலில் மற்றப் புல்லோடு நாலு வாய் கடித்தால் ஒன்றும் ஆகாது. பசித்த மாட்டுக்கோ ஆட்டுக்கோ கட்டுக்கட்டாக இதையே போட்டால், அது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். கால் நடுங்கி, தள்ளாடி, மாடு படுத்துவிடக்கூடும், சிறுநீரகமும் கெடும். கன்று ஈன்று பால் கறக்கும் மாட்டுக்கு இந்த ஆபத்து கூடுதல். அப்படி நேர்ந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, என்ன தீவனம் போட்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பத்தாம் படி: இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள்

முதல் ஆண்டு முடிவில், பனிக்கு முன் நவம்பரில், முன்பு தோண்டிய அதே இடங்களின் அருகில் மீண்டும் தோண்டிச் சலித்து எண்ணுங்கள். எண்ணிக்கை குறையாமல் குட்டிக் குமிழ்களே மிகுந்திருந்தால் கொத்தும் நாள் பிந்திவிட்டது என்று பொருள். அடுத்த ஆண்டு சோதனையை முன்னதாகத் தொடங்குங்கள். எண்ணிக்கை குறைந்து, பெரிய பழைய குமிழ்கள் மட்டும் ஆழத்தில் கிடந்தால் வேலை சரியாகப் போகிறது. அவை அடுத்த கோடை மழையில் முளைக்கும்போது அதே முறையைத் தொடர வேண்டும். இரண்டாம் ஆண்டில் இலை குறைந்ததைப் பார்த்து ஒரு சுற்றைக் கைவிட்டவர்களின் நிலம், மூன்றாம் ஆண்டில் பழைய நிலைக்குத் திரும்பியதை இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டிலிருந்து பாத்தியை விட வரப்பையும் கல்கட்டின் இடுக்கையும் கவனியுங்கள். பாத்தியிலிருந்து துரத்தப்பட்ட செடி அங்கேதான் தங்கும். கல்லுக்கு அடியில் குமிழ் இருந்தால் கொத்தும் எட்டாது. அங்கே மட்டும் பத்து நாளுக்கு ஒருமுறை இலையைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், பூக்க விடாமலும், நான்கு இலைக்கு மேல் விரிய விடாமலும். காலையில் பாத்தியைச் சுற்றிவரும்போது கையில் ஒரு பழைய வாளி இருந்தால் போதும்.